நகை இல்லாத இரும்பு அலுமாரி

எண்பது கிலோ இரும்பு அலுமாரி ஒன்று உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினால் அதை எங்கே ஒளிப்பீர்கள்?

ஒளிக்க முடியாது. அதுவும் செபமாலை மாதத்தில். ஒக்டோபர் வந்தால் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் முறை. ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தின் பாதித் தமிழ்ச் சனம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்கள் ஹோலுக்குள் முழந்தாளில் நிற்கிறது. செபமாலையில் நாலாவது பத்து, நாலாவது காரணிக்கம், போய்க்கொண்டிருக்கிறது. லொறிக்காரன் பெல் அடிக்கிறான்.

அடுத்த வாரம் வரவேண்டிய சாமான். டென்மார்க்கில் எது சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்திருக்கிறது, சொல்லுங்கள்? இது வந்தது. லொறிக்காரன் அதைத் தள்ளுவண்டியில் உருட்டி வந்து, சப்பாத்துகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

செபம் முடிந்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்து, சப்பாத்துத் தேடி வந்த எல்லாரும் அதைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. மரியமலர் அக்கா மட்டும் சுற்றவில்லை. அவர் எங்கள் கோயில் பங்கின் செய்திப் பிரிவு. கிட்டப் போய், கதவு தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, பாங்கிலை இருக்கிற மாதிரி? நகை வைக்கவோ?"

நான் வாய் திறந்தேன். என் மனைவி ஜெயா என்னை முந்திவிட்டாள்.

"ஓம் அக்கா. இப்ப இஞ்சை களவு கூடிப்போச்சுத்தானே."

மாதா சுரூபம் ஹோலுக்குள் அப்படியே இருக்கிறது. மெழுகுதிரிகூட அணைக்கவில்லை. ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியாயே சொன்ன வாய் காயமுன் ஒரு பொய்.

நகை இல்லை. அந்த அலுமாரி ஒரு கைத்துப்பாக்கிக்கு. பழைய மாடல், ஏற்கெனவே பலர் பாவித்தது, இருபத்திரண்டு காலிபர், செமி ஆட்டோமேட்டிக். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும். வெறும் கோதைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆனால் அடுத்ததைச் சுட நீங்கள்தான் மறுபடி இழுக்கவேண்டும்.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? எங்கள் சனத்திடம் போய், "நான் ஒரு துவக்கு வாங்கியிருக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குத்தான் வீடு வாசலை விட்டு ஓடி வந்தோம். ஜெயா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தது இவ்வளவுதான்: "அதை நான் பாக்கவும் மாட்டன், பேர் சொல்லவும் மாட்டன்." இன்றுவரைக்கும் அவளுக்கு அது 'அது'தான்.

அப்படியானால் ஏன் வாங்கினேன்?

இங்கேதான் என் மகள் ஷாரோன் வருகிறாள்.

பதின்மூன்று வயதில் அவள் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து இங்கே உள்ள துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தில் சேர்ந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் டேனிஷில் ஒரு பிரசங்கம் வைத்தாள். நான் தோற்றேன். புதன்கிழமை பின்னேரங்களில் காரில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலையாயிற்று. முதல் குளிர்காலம் முழுக்க நான் உள்ளே போகவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டிருப்பேன். அப்படியும் உள்ளே இருந்து வரும் 'டப்... டப்' கேட்கும். ரேடியோவை இன்னும் கூட்டுவேன். பதினைந்து மீற்றரில் கடதாசியைச் சுடுகிற பிள்ளைகள் என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது.

கழகத்தை நடத்துகிற ப்ரெபென் என்ற டேனிஷ்காரர்தான் ஒருநாள் கார்க் கண்ணாடியில் தட்டி, "டோனி, உள்ளே கோப்பி இருக்கிறது" என்றார். என் பெயர் அந்தோனிப்பிள்ளை. அவருக்கு டோனி.

சரி, கோப்பி குடித்தேன். காதுக்கு மூடி தந்தார்கள். பயம் மெதுவாகப் போயிற்று. அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. கழகத்தில் இருந்து வீட்டுக்குக் காரில் பதினைந்து நிமிடம். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை, அந்தப் பதினைந்து நிமிடமும் ஓயாமல் கதைப்பாள். பாதி டேனிஷ், பாதி தமிழ். ரீச்சரைப் பற்றி, சிநேகிதிகளைப் பற்றி, கோபம் வந்தால் என்னைப் பற்றி... என்னிடமே. நான் சிலவேளை வேண்டுமென்றே சுற்றுப்பாதையால் போவேன். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

ஆறு வருடம் புதன்கிழமைகள் அப்படிப் போயின.

பிறகு படிக்கப் போனாள். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் நாட்டின் மற்றக் கரையில், தலைநகருக்குப் பக்கத்து இஷொயில் தனியாக ஒரு ஃபிளாட் எடுத்தாள். கல்யாணம் கட்டாத பெண் பிள்ளை, தாய் தகப்பன் இருக்க, தனி வீடு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்ர கழுத்திலை ஒரு தாலி ஏறுமட்டும் அந்த வாசல்படி மிதிக்க மாட்டன்." சொல்லும்போது பெரிய வீரம் மாதிரித்தான் இருந்தது.

மூன்று வருடமாயிற்று. ஜெயா ரயில் ஏறிப் போய் வருவாள். நான் மிதிக்கவில்லை. ஷாரோனும் நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், அடுத்த ரயிலில் போவாள். எங்களுக்குள் சண்டை இல்லை. கதையும் இல்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, பக்கத்தில் அவளுடைய சப்பாத்து இல்லை என்பது ஒவ்வொரு நாளும் கண்ணில் படும். இதை ஜெயாவிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் புதன்கிழமை வந்தால் கார் தானாகக் கழகத்துக்குத் திரும்பிவிடும். ப்ரெபென் ஒன்றும் கேட்கவில்லை. அங்கத்துவப் படிவத்தை நீட்டினார். நானும் சுடப் பழகினேன். மோசமாகத்தான்.

போன குளிர்காலம் கழகம் புதுத் துப்பாக்கிகள் வாங்கியது. பழையவற்றை அங்கத்தவர்களுக்கு விலைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் ஏழாம் நம்பர். ஷாரோன் ஆறு வருடமும் கையில் பிடித்தது. மரப் பிடி தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. குறி பார்க்கும் பகுதியில் இருக்கிற சின்னத் திருகில் ஒரு பொட்டுச் சிவப்பு நகப்பூச்சு. தன் அளவை வேறு யாரும் திருகி மாற்றிவிடக்கூடாது என்று அவள் வைத்தது.

"அது வேண்டாம், டோனி. நாலாவது குண்டில் சிக்கும். புதிதாக ஒன்று வாங்கு" என்றார் ப்ரெபென்.

"இதுதான் வேணும்" என்றேன்.

நினைத்தவுடன் வாங்குகிற சாமானா இது? கைத்துப்பாக்கி என்றால் இரண்டு வருடமாவது ஒழுங்காகக் கழகத்துக்கு வந்திருக்க வேண்டும்; அது என்னிடம் இருந்தது. கழகம் எழுதித் தரவேண்டும். பொலிசுக்கு விண்ணப்பம் போடவேண்டும். அவர்கள் என்னைத் தலைகீழாக ஆராய்ந்து பார்ப்பார்கள். நாலு மாதம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். அனுமதி வந்தபிறகு அலுமாரி. அதைச் சுவரோடு சேர்த்துத் திருகிப் பூட்டவேண்டும். அதன் இலக்கம் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது, கட்டின மனைவிக்கும்கூட. ஜெயா அதற்கு மட்டும் மகிழ்ச்சியோடு சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து அதைத் துடைப்பேன். எண்ணெய் விடுவேன். துடைக்கத் தேவையில்லாத வாரமும் துடைப்பேன்.

இதற்கிடையில் மரியமலர் அக்காவின் செய்திப் பிரிவு சும்மா இருக்குமா? 'அந்தோனிப்பிள்ளை வீட்டில் ஒரு அலுமாரி நிறைய நகை' என்ற செய்தி எஸ்பியர்க் நகரம் வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து ஒரு நல்ல குடும்பம் ஃபோன் எடுத்தது. மகன் எஞ்சினியர். "எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். நீங்கள் பிள்ளைக்கு எண்டு செய்து வச்சிருக்கிறதை அவளுக்கே போட்டு விடுங்கோ" என்று அந்தத் தாய் பெருந்தன்மையாகச் சொன்னார். நகை இல்லை என்று சொல்ல ஜெயாவுக்கு வாய் வரவில்லை. ஷாரோனின் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

போன சனிக்கிழமை ஷாரோன் வந்தாள். நத்தார் இல்லை, பிறந்தநாள் இல்லை... சண்டை பிடிக்க வந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசலில் அவளைக் கண்டதும் எனக்கு ஒரே சந்தோசம்.

வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டேனிஷில் தொடங்கினாள். யாரோ ஒருவன் தன்னிடம் நகையைப் பற்றி விசாரிக்கிறான், தன்னை என்ன ஏலத்திலா விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெயா குசினிக்குள் போய்விட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், அலுமாரியைச் சுவரோடு பூட்டியிருந்த அறைக்குள் போய் அதன் முன்னால் நின்று தமிழில் சொன்னாள்:

"திறவுங்கோ அப்பா."

அவளுக்கும் தெரியாமல் முதுகால் மறைத்துக்கொண்டுதான் இலக்கத்தை அழுத்தினேன். சட்டம் சட்டம்தானே. கதவு திறந்தது.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கிட்டக் குனிந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அங்கத்துவம் இல்லாதவள் தொடக்கூடாது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டுவிட்டாள்.

"ஏழாம் நம்பர்" என்றாள் டேனிஷில். பிறகு, "இப்பவும் நாலாவதிலை சிக்குதோ?"

"ஓம்."

"பிறகேன் வாங்கினனீங்கள்?"

"கிளப்பிலை குடுத்தாங்கள்... சும்மா, விளையாட்டுக்கு."

குசினிக்குள் இருந்து ஜெயாவின் குரல் வந்தது. அதைப் பேர்கூடச் சொல்லமாட்டேன் என்றிருந்தவள்.

"பொய் சொல்லாதேங்கோ. பிள்ளை, உன்ர நினைப்பிலைதான் அதை வாங்கினவர். ஞாயிற்றுக்கிழமையிலை அதை மடியிலை வச்சுக்கொண்டு இருக்கிறார், துடைக்கிறன் எண்டு. பாக்கச் சகிக்கேல்லை."

ஷாரோன் கோட்டைக் கழற்றினாள்.

பின்னேரம் கழகத்துக்குப் போனோம். அவள் சுட முடியாது. மறுபடி படிவம் நிரப்பி, பொலிஸ் பார்த்து, அதெல்லாம் கிழமைக்கணக்கில் ஆகும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் சுடுவதைப் பார்த்தாள். நான் வழமையைவிட மோசமாகச் சுட்டேன். "முழுக் கையாலையும் இழுக்கிறீங்கள், அப்பா. விரல் மட்டும்" என்றாள். ப்ரெபென் கோப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளை ஒருமுறை கட்டிப்பிடித்தார். எனக்கு அந்த மனிதன்மேல் பொறாமையாக இருந்தது.

திரும்பும்போது காரில் முதலில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கதைக்கத் தொடங்கினாள். ஃபிளாட்டில் ஹீட்டர் இரவில் கொட்டுக் கொட்டென்று தட்டுமாம். கீழ்வீட்டுத் துருக்கி அன்ரி வெள்ளிக்கிழமைகளில் பாண் சுட்டுக் கொண்டுவந்து தருவாவாம். பல்கனியில் கறிவேப்பிலை வைத்துப் பார்த்தாளாம், இரண்டு தரமும் செத்துப்போச்சுதாம். நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். கீழ்வீட்டுத் துருக்கிப் பெண்ணுக்குத் தெரிந்த என் பிள்ளையை எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஸ்ரேசனில் ரயில் வருவதற்கு முன்னால் கேட்டாள்.

"என்ர வீட்டை எப்ப வாறியள்?"

"பாப்பம்" என்றேன்.

எங்கள் பாஷையில் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். டென்மார்க்கில் பிறந்தாலும் அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு ஏறிவிட்டாள். ரயில் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வாயில் இருந்து அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஏதாவது வந்திருக்கக்கூடாதா?

திங்கட்கிழமை ஜெயா எஸ்பியர்க்குக்கு ஃபோன் எடுத்து உண்மையைச் சொன்னாள். அலுமாரிக்குள் இருப்பது நகை இல்லை, துவக்கு. அந்தக் குடும்பம் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷாரோனிடமிருந்து ஒரு மெசேஜ். டேனிஷில். இஷொய்ப் பக்கம் ஒரு சூட்டுக் கழகம் இருக்கிறதாம், தன் பெயரைக் கொடுத்துவிட்டாளாம், அனுமதி வரக் கொஞ்சக் காலம் ஆகுமாம். பிறகு தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதி ஒரு வரி: 'துவக்கை வீட்டிலை விட்டிட்டு வாங்கோ.'

'பாப்பம்' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். பிறகு, 'இந்தச் சனிக்கிழமை வீட்டிலை நிற்பியோ?' என்று கேட்டேன். உடனே 'ஓம்' என்று வந்தது. ஜெயாவைக் கூப்பிட்டு ரயிலில் இரண்டு இடம் பதியச் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு பதிந்தாள்.

நீங்கள் இதை வாசிக்கும்போது நான் அந்த வாசல்படி மிதித்திருப்பேன்.

ஒரு பழைய துவக்குக்காகக் கழகத்திடம் எழுதி வாங்கி, நாலு மாதம் பொலிசின் கடிதத்துக்காகக் காத்திருந்த மனிசன் நான்... மகள் வீட்டுக்குப் போக என்னிடம் ஒருவருமே அனுமதிப் பத்திரம் கேட்கவில்லை.