பேகம்பேட்டிலிருந்து பதினொன்றரை மணிப் பால்

கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகப் பயிற்சிக்குப் போகலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நான் போயிருக்கிறேன். 1984 ஆகஸ்டில், ஐந்து நாள், ஹைதராபாத்தின் ஒரு கோடியில் இருக்கும் ராமச்சந்திராபுரத்திலிருந்து பேகம்பேட்டுக்கு. போக இருபத்து மூன்று கிலோமீட்டர்.

அப்போது நான் ராமச்சந்திராபுரத்தில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தேன். மகள் கவிதாவுக்கு நாலரை மாதம். டவுன்ஷிப் காப்பகத்தில் விட்டிருந்தேன். மதிய இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன். டப்பாப் பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். அந்த நேரம் பார்த்துப் பயிற்சி வந்தது. முடித்தால்தான் பதவி உயர்வு.

காலை 7.10க்குக் கம்பெனி பஸ். கூகட்பள்ளி, அமீர்பேட் வழியாக 8.20க்குப் பேகம்பேட். விடியற்காலையில் எடுத்து வைத்த பால் பத்து மணிப் பசிக்குச் சரியாக இருக்கும். ஒரு மணிப் பாலுக்கு, 11.30க்கு டவுன்ஷிப் திரும்பும் தபால் வேன்தான் கதி. டிரைவர் யாதகிரி என் ஐஸ் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, "ஃபிக்கர் நக்கோ அம்மா, கவலையே வேண்டாம், பாப்பாகிட்ட சேர்த்துடுவேன்" என்றார்.

ஆனால் முதல் நாள் அதில் இருந்தது நாலு ஸ்பூன் பால். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிப் பம்போடு அரை மணி நேரம் போராடி, வலிதான் மிச்சம். மாலை ஆறு மணிக்குப் போனால், கவிதா அழுது அழுது குரல் கம்மியிருந்தாள். பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் மறுநாள் பஸ் ஏறினேன்.

அங்கே டைப்பிஸ்ட் ஸ்டெல்லாவிடம் முதலில் சொன்னேன். செகந்திராபாத் தமிழ்ப் பெண், என் வயது, இரண்டு பிள்ளைகள். என்னைப் பழைய கோப்பு அறைக்கு இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"அந்த பம்ப் நக்கோ. கையைக் கழுவிட்டு கையாலயே எடு. ஏன் பாட்டிலையே முறைச்சிப் பார்க்கிற? உன் பாப்பா தூங்கறப்ப என்ன பண்ணும், அதைச் சொல்லு."

தூக்கத்தில் அவள் வெறும் வாயைச் சப்புவதை நடித்தே காட்டினேன். ஸ்டெல்லா சிரித்தாள்; எனக்கும் அடக்க முடியவில்லை. உடம்பு தளர்ந்ததும் பால் பீச்சிக்கொண்டு வந்தது. யாரோ கதவைத் தட்ட, "ஆடிட் நடக்குது, அப்புறம் வாங்க!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் பாட்டிலில் முக்கால்!

புதன்கிழமை காலை யாதகிரி வேனுக்குள்ளிருந்தே கூவினார்: "அம்மா, பூரா குடிச்சிடுச்சாம்!" பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு பதினோரு மணிக்கே முடிந்ததால் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். 12.35க்குக் காப்பக வாசலில் ஆயா வழக்கம்போலக் கையை நீட்டினாள். "சீசா எங்கம்மா?"

"இன்னைக்கு நானே வந்துட்டேன்."

ஆயா சிரித்த சிரிப்பில் கவிதா விழித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் காலை உதைத்தாள்.

போகிறவர்களுக்கு: பாட்டிலைக் கொதிக்க வையுங்கள், ஐஸ் குறையாமல் பாருங்கள். முதல் நாள் அளவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். பசிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு எடுக்க இடம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.