இரண்டு கிலோ அதிகம்

இந்த ஆண்டு ஜனவரி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. வாடைக்காற்று லேசாக வீசியது. மழை இல்லை, ஆனால் கிழக்கே மேகம் இருந்ததை நான் கவனித்துக்கொண்டேன். பழையகாயலுக்கு அப்பால், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அலையாத்திக் காட்டின் ஓரமாக ஒரு சின்னப் படகுத்துறை. அங்கேதான் நானும் என் மனைவியும் ஆட்டோவை விட்டு இறங்கினோம்.

எனக்கு வயது எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தாறு. இந்த வயதில் கயாக்கில் ஏறித் துடுப்புப் போட்டுப் பறவை பார்க்கப் போவது என் யோசனை அல்ல. திருச்செந்தூர் பேருந்தில் போகும்போதெல்லாம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் பூநாரைகள் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு போலத் தெரியும். நாற்பது வருஷமாக அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன், பறவையை ஒருநாளும் பார்த்ததில்லை என்று என் மனைவி மகளிடம் சொல்லியிருக்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் உடனே எங்கள் இருவருக்கும் பணம் கட்டிவிட்டாள். எனக்குச் செய்தி மட்டும் வந்தது.

முந்தின இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம், அவளுடைய சர்க்கரை. பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. ஆறு வருஷமாக இன்சுலின். அன்று ஐந்தேகாலுக்கு ஊசி போட்டுக்கொண்டாள். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுவாள். கிளம்பும் பரபரப்பில் இரண்டுதான் இறங்கியது. மீதி இரண்டையும் டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பை எங்கள் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கும்: பிஸ்கட், சீனிப் பொட்டலம், பழம், மாத்திரைகள். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது எங்களோடு வரும்.

துறையில் ஐந்து கயாக்குகள் கிடந்தன. வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி, அவருக்கு ஒன்று. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த நான்கு கல்லூரிப் பையன்களுக்கு இரண்டு. நான்காவதில் ஓர் அம்மாவும் அவருடைய மகளும். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். பாதுகாப்பு மேலங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்ப்பதும் மகளை முறைப்பதுமாக நின்றார்.

“பயமா இருக்கா?” என்று என் மனைவி அவரிடம் கேட்டாள்.

“இல்லாம? எங்க ஐயா வள்ளம் வச்சிருந்தாவ, வீட்டுக்காரரு வள்ளம் வச்சிருக்காரு. பொம்பளய ஒருநாளு ஏத்துனதில்லக்கா. கரையில நின்னு மீன வாங்கறதோட சரி. இவ சம்பளம் வாங்கிட்டா, எம்மா வா, ஒன்னயக் கடல்ல கொண்டு போறேங்கா. ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போறதில்ல, ஏலமும் கெடையாது. நேத்து சாயங்காலமே மாதா கோயில்ல பூசை பாத்துட்டு வந்துட்டேன். செத்தாலும் பரவால்ல.”

ஐந்தாவது கயாக் எங்களுடையது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்ததை நான் குனிந்து படித்தேன். அதிகபட்ச எடை நூற்றைம்பது கிலோ.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு மூட்டை அதிகம் என்றாலும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு சும்மா ஏறி உட்கார என்னால் முடியவில்லை.

“தம்பி, நான் அறுபத்திரண்டு. இவ எண்பத்து மூணு. மேலங்கி ரெண்டும் ரெண்டு கிலோ. தண்ணி பாட்டில் ஒண்ணு. பை நாலு. ஆக நூத்தி அம்பத்திரண்டு. ரெண்டு கிலோ அதிகம்.”

“சார், பத்து கிலோ கூட இருந்தாலும் அது ஒண்ணும் செய்யாது. ஏறுங்க. தண்ணி வத்த ஆரம்பிச்சிட்டு. எட்டு மணிக்கு முன்னால நாம திரும்பிரணும்.”

“ஒண்ணும் செய்யாதுன்னா பின்ன எதுக்கு எழுதியிருக்கு?”

என் மனைவி என்னை அன்று பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கவில்லை. கயாக் கவிழும் என்பது அவளுக்குப் பெரிதில்லை. எண்பத்து மூன்று என்று நான்கு பையன்களுக்கு முன்னால் சொன்னதுதான் பெரிது.

நான் அதோடு நிற்கவில்லை. எங்களுக்குப் பொருந்தும் கணக்கு மற்றவர்களுக்கும் பொருந்தும் அல்லவா? பையன்களின் பைகளை இறக்கச் சொன்னேன். மீன்கார அம்மா மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அவர் எழுபத்தெட்டு கிலோ இருப்பார், மகள் எழுபது இருப்பாள் என்று மனத்துக்குள் போட வேண்டிய கணக்கை வாய்விட்டே போட்டுவிட்டேன்.

“ஏன் அண்ணாச்சி, என்னய மீனுன்னா நெனச்சிய, நிறுத்துப் பாக்கதுக்கு?” என்றார் அவர். “பையில நாலு மக்ரூன் இருக்கு. அதுக்கா வள்ளம் கவுந்துரும்?”

“விதின்னா எல்லாருக்கும்தாம்மா.”

பைகள் எல்லாம் துறையின் கொட்டகைக்குப் போயின. அப்போது என் மனைவி மெதுவாக, “பிஸ்கட்டு பாக்கெட்ட மட்டும் எடுத்துக்கிடுதேன்” என்றாள். நூறு கிராம்கூட இருக்காது. ஆனால் ஐந்து பேரிடம் அப்போதுதான் பையைப் பிடுங்கியிருக்கிறேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணரை மணி நேரம்தானே, ஏளா. வந்து தின்னுக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். இந்தத் தகராறில் இருபத்தைந்து நிமிடம் போனது. ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஆறு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினோம்.

வாய்க்கால் போன்ற ஒடுக்கமான நீர்வழி. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல வேர்கள் மேலே நின்றன. மீன்கொத்தி ஒன்று குறுக்கே பறந்தது. முன்னால் என் மனைவி, பின்னால் நான். எனக்கு நிலைகொள்ளவில்லை. துடுப்பை எண்ணினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மேகம் எங்கே வந்திருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கயாக் ஆடியது.

“நீங்க ஆடாம இருந்தாலே அது கவுந்துராது” என்றாள் அவள்.

ஏழரை மணிக்கு நீர்வழி ஒரு பெரிய சேற்றுவெளியில் போய்த் திறந்தது. அங்கே நின்றன பூநாரைகள். கோடாக அல்ல; ஒவ்வொன்றும் தனித்தனியாக, தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு, காலால் சேற்றைக் கிண்டிக்கொண்டு. வழிகாட்டி கையைக் காட்ட எல்லாரும் துடுப்பை நிறுத்தினோம். நான் எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினான்கு வரை வந்தபோது ஒரு பகுதி எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

“எண்ணாதிய. பாருங்க” என்றாள் என் மனைவி திரும்பாமலே. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. இறகை விரித்தபோது உள்ளே தெரிந்த சிவப்பைப் பார்த்து அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். என் எண்ணிக்கை எட்டாவது வரிசையில் இருந்தது.

திரும்பும்போதுதான் தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது என்று தெரிந்தது. வரும்போது முழுகியிருந்த வேர்கள் இப்போது முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றன. வழிகாட்டியும் பையன்களும் முன்னால் போய் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டார்கள். நாங்கள் கடைசி. எங்களுக்கு இருபதடி முன்னால் மீன்கார அம்மாவும் மகளும். முதலில் அவர்கள் கயாக் தரைதட்டியது. அடுத்த நிமிடம் எங்களுடையதும் சேற்றில் உட்கார்ந்தது. எட்டு மணி பத்து நிமிடம்.

அந்தப் பெண் ஊதலை எடுத்து ஊதினாள். வளைவுக்கு அப்பாலிருந்து, “அங்கனயே இருங்க, இவங்கள விட்டுட்டு வாரேன்” என்று வழிகாட்டியின் குரல் வந்தது.

“என்ன அண்ணாச்சி,” என்று மீன்கார அம்மா திரும்பிக் கத்தினார், “பைய எறக்கியாச்சு. இன்னும் யார எறக்கணும், சொல்லுங்க!”

அவர் மகள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் ஒன்று உறைத்தது. என்னை யாராவது கேலி செய்தால் என் மனைவி முதல் ஆளாகச் சிரிப்பாள். கூட ஒன்றைச் சேர்த்தும் விடுவாள். இப்போது அவளிடமிருந்து சத்தமே இல்லை.

“ஏளா” என்றேன். எட்டி அவள் தோளைத் தொட்டேன். அந்தக் குளிரில் சட்டைத்துணி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. “நம்ம மக எந்த ஊர்ல இருக்கா?” என்று கேட்டேன். ஏதோ சொன்னாள். ஊர் பெயராகவும் இல்லை, வார்த்தையாகவும் இல்லை.

ஊசி போட்டு மூன்று மணி நேரம். இரண்டு இட்லி. முக்கால் மணி நேரத்துக்கு மேல் துடுப்பு. கணக்கு எனக்கு நொடியில் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சீனி, பிஸ்கட், பழம் எல்லாம் கொட்டகையில் இருந்தன. நான் காலைக் கீழே விட்டேன். தொடை வரை சேறு இழுத்தது. இடது காலை உருவியபோது செருப்பு உள்ளேயே போய்விட்டது. ஒரு எட்டுகூட வைக்க முடியவில்லை. கயாக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

“அக்காவுக்கு என்ன அண்ணாச்சி?”

“சர்க்கரை எறங்கிட்டும்மா! இனிப்பு எதாவது… பை எல்லாம் அங்கன…”

அந்த அம்மா உடனே மேலங்கிக்குள் கையை விட்டு, நெஞ்சோடு செருகியிருந்த ஒரு பாலிதீன் பொட்டலத்தை எடுத்தார். மக்ரூன். பையைத்தான் கொடுத்திருக்கிறார், உள்ளே இருந்ததைக் கொடுக்கவில்லை.

“எறிங்க!” என்றேன்.

என் கைகளைப் பார்த்தார். அவை அவள் கைகளைவிட அதிகமாக நடுங்கின. “எறிஞ்சா நீங்க பிடிக்க மாட்டிய. சேத்துக்குள்ள போயிரும்.”

“எம்மா, எறங்காத, ஒனக்கு நீச்சல் தெரியாது!” என்று மகள் அலறினாள்.

“சேத்துல என்னட்டீ நீச்சல்?” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா இறங்கிவிட்டார். இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை போனார். ஒரு நிமிடம் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டார். பிறகு பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, கரையோர வேர்களைப் பிடித்து, பாதி நடந்தும் பாதி தவழ்ந்தும் வந்தார். இருபதடிதான். கரையிலேயே நின்று மீன் வாங்கிய ஒருவருக்கு அது எவ்வளவு தூரம் என்று அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

மக்ரூனை அவரே உள்ளங்கையில் நொறுக்கினார். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும்தானே; வாயில் பட்டதும் கரைந்துவிடும். “அக்கா, வாயத் தொறங்க. தொறங்கம்மா” என்று கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டினார். நான் பாட்டிலைப் பிடித்துத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டேன். முதலில் பாதி உதட்டிலேயே ஒழுகியது. பிறகு விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். அந்த அம்மா தன் சேற்றுக் கையை மேலங்கியில் துடைத்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் கையில்தான் இருந்தது.

கடைசியில் அவள் கண் என் மேல் வந்து நின்றது. என்னையும் சேற்றையும் அந்த அம்மாவையும் பார்த்தாள். என் காதருகே குனிந்து, கரகரத்த குரலில், “எத்தன தின்னேன்? எண்ணுனியளா?” என்றாள்.

நான் எண்ணவில்லை. அழுதேன்.

“இவுகளத்தான் வெயிட்டு அதிகமுன்னு சொல்லி எறக்கி விட்டிருக்கணும் அக்கா” என்றார் மீன்கார அம்மா. இருவரும் சிரித்தார்கள். அப்புறம்தான் அந்த அம்மா தான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்த்து, “யேசுவே” என்று என் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டியும் பையன்களும் சேற்றில் நடந்து வந்து கயாக்குகளை இழுத்துச் சேர்க்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

துறையில் மீதி இட்லியைச் சாப்பிட வைத்து, நேரே தூத்துக்குடி மருத்துவமனைக்குப் போய்க் காட்டினேன். பயமில்லை என்றார்கள். அன்று அந்த அம்மாவிடம் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை திரேஸ்புரத்துக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவே நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி! அக்கா எப்பிடி இருக்காவ?” என்றார். மக்ரூனுக்காவது பணம் தருகிறேன் என்றேன்.

“எத்தன மக்ரூன்னு சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்.”

அதற்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ பாறை மீன் வாங்கினேன். தராசில் தட்டு நேராக நிற்கும்வரை பார்த்து, ஒரு ரூபாய் குறைக்காமல் எழுநூற்று எண்பது வாங்கிக்கொண்டார். நானும் பேரம் பேசவில்லை.

என் மனைவிக்கு அன்றைக்குச் சேற்றில் நடந்தது பாதிதான் நினைவிருக்கிறது. பூநாரையின் சிவப்பு நன்றாக நினைவிருக்கிறது. எண்பத்து மூன்று என்று நான் சொன்னது அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லட்டும். இப்போதும் இரவில் விழித்துக்கொள்கிறேன், இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் பக்கத்தில் அவள் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருக்கப் பழகியிருக்கிறேன். அன்று இரண்டு கிலோவுக்காக நான் இழக்கப் பார்த்த அந்த எண்பத்து மூன்று கிலோவும் குறையாமல் வீட்டில் இருக்க, எனக்கு ஆன செலவு: ஆட்டோ தொள்ளாயிரம், புதுச் செருப்பு முந்நூற்று நாற்பத்தொன்பது, மருத்துவமனை அறுநூற்றைம்பது, மீன் எழுநூற்று எண்பது. ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பது ரூபாய்.