மாடிக்காக விட்ட கம்பிகள்

கோடை முடியுமுன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து 'ரெட் ஆக்சைடு' சாய நெடி இறங்கி வரும். அது பிடிக்காமல் அம்மா சமையலறை சன்னலைச் சாத்துவாள். மேலே அப்பா பழைய பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தளத்தின் நான்கு மூலைகளிலும் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருப்பார். தொண்ணூறுகளின் பெங்களூர்ப் பொம்மனஹள்ளியில் பாதி வீடுகள் இப்படிக் கொம்பு முளைத்துத்தான் நின்றன. என்றைக்காவது மாடி கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. மற்றவர்கள் அவற்றில் துணிக்கொடி கட்டினார்கள். அப்பா மட்டும், துரு ஏறினால் நாளைக்கு மாடி தாங்காது என்று வருஷா வருஷம் பூசினார்.

மாடி மட்டும் வரவில்லை. "சிமெண்ட் விலை இறங்கட்டும்" என்பார். இறங்கினால், "போர் போட்டுட்டுப் பாக்கலாம்" என்பார். தண்ணீரும் வந்தபிறகு மூலை சரியில்லை என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். "எதுக்கும் நேரம் கூடி வரணும்" என்பதுதான் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம்.

எங்களுக்கு இதில் நஷ்டமொன்றுமில்லை; நஷ்டம் அத்தைக்குத்தான். அப்பாவின் தங்கையான அவள், கணவர் இறந்தபிறகு கைக்குழந்தை மலரைத் தருமபுரிப் பக்கம் அவருடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பெங்களூருக்கு வந்து 'கார்மெண்ட்ஸ்' வேலையில் சேர்ந்திருந்தாள். ஒற்றைக் கூடத்தில் எங்களோடுதான் படுக்கை. "மாடி ஏறட்டும், ஒரு ரூம் உனக்குத்தான், கொழந்தைய கூட்டிக்க" என்று அப்பா மனதாரத்தான் சொல்லியிருந்தார். அதை நம்பி, அவர் சாயம் பூசும்போதெல்லாம் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அத்தையும் பக்கத்தில் நிற்பாள்.

ஒரு வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவிடம், "என்னய சித்தின்னு கூப்புடறா அண்ணி" என்றாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தையைச் சித்தி என்றுதான் அழைப்பார்கள். அவர்களோடு வளர்ந்த மலரும் அதையே பழகிக்கொண்டாள். குழந்தைமேல் குற்றமில்லை. அத்தை அழவில்லை, சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள்.

அடுத்த வாரமே ஒரு நாள், அப்பா காலை ஷிப்டுக்குப் போனதும், ஒரு டெம்போ நிறைய 'ஹாலோ பிளாக்' கற்களும் பழைய தகர ஷீட்டுகளும் வந்து இறங்கின. கூடவே பசப்பா என்ற கொத்தனார். ஆடி மாதத்தில் வேலை தொடங்க அவருக்கே தயக்கம். "இவத்தே பேக்கா அக்கா?" என்றார். "இவத்தே பேக்கு" என்றாள் அத்தை. இன்றைக்கே வேண்டுமா, இன்றைக்கே வேண்டும், பேச்சு அவ்வளவுதான்.

அப்பா திரும்பியபோது மொட்டை மாடியில் சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. கம்பிகளைச் சுற்றி அடுத்த வரிசைக் கல்லை வைக்கப் பசப்பா கலவையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆடி மாசத்துல எவனாவது செவுரு எழுப்புவானா? மாடி கட்டறப்ப இதையெல்லாம் இடிக்கணுமே!"

"அப்ப இடிச்சுக்கலாண்ணா" என்றாள் அத்தை. "அவள இப்ப கூட்டிட்டு வரணும்."

அம்மா பசப்பாவுக்கு டீ கொடுத்தாள். அவள் யார் பக்கம் என்பது அதிலேயே தெரிந்தது. அப்பா "இருப்பா" என்று கொத்தனாரை நிறுத்திவிட்டுக் கீழே போய், சாயடப்பாவை எடுத்து வந்து, நான்கு மூலைக் கம்பிகளுக்கும் நிதானமாகப் பூசினார். காயும்வரை எல்லோரும் காத்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா முறைத்தாள்.

மலர் வந்தாள். அந்த 'ஷீட் வீட்டில்' வெயிலில் உட்கார முடியாது, பேசினால் எதிரொலிக்கும். வந்தும் அவள் அத்தையைச் சித்தி என்றுதான் அழைத்தாள், அத்தையும் திருத்தவில்லை. ஒருநாள் சாயங்காலம் அத்தை கீழே எங்களுக்குச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் மழை லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோலக் கேட்கும். மேலே தூங்கிக்கொண்டிருந்த மலர் பயந்து விழித்து, அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். "அம்மா!" மாவுக் கையோடு, நனைந்துகொண்டே அத்தை படியேறி ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா அடுப்பைத் தணித்தாள்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. எங்களுக்கும் அதில் ஒரு பங்கு. மழை பெய்வது சன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது. தெருவில் கம்பி நீட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. பழைய வீட்டை இடித்த அன்று எல்லோரும் போய் நின்றோம். மலரும் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஷீட் வீட்டின் மூலையை உடைத்தபோது கம்பிகள் வெளியே வந்தன, பூசிய சிவப்பு கலையாமல். அப்பா கிட்டே போய்த் தடவிப் பார்த்தார்.

"துருவே ஏறல பாரு. மாடிய நல்லா தாங்கியிருக்கும்."

அத்தை மலரைப் பார்த்துவிட்டு, "தாங்கிச்சேண்ணா" என்றாள்.