தேவயானியின் எரிவாயுத் தொட்டி

மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்குப் பேருந்தில் வந்து போகும் தேவயானி அதிகம் பேசுகிறவள் அல்ல. இறுதியாண்டு மின்னியல் படித்தாள். புராஜெக்டுக்கு மற்றவர்கள் சோலார் பேனல்களைப் பிடித்துக்கொள்ள, அவள் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த சாண எரிவாயுத் தொட்டியைக் கேட்டு வாங்கினாள். தினமும் சாணத்தோடு மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றைக் கரைத்து ஊற்றினாள். நாற்பதாம் நாள் அடுப்பு நீலமாக எரிந்தது. அவள் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, அவர்கள் முன்னால் அடுப்பு எரியாவிட்டால் இந்தப் பருவம் தேற முடியாது என்று துறைத்தலைவர் வெங்கடேசன் சொல்லியிருந்தார். மூன்று நாள் மாதிரித் தேர்வு முடிந்து புதன்கிழமை வந்து அடுப்பைத் திருகினாள். தீக்குச்சிதான் விரல்வரை எரிந்து அணைந்தது. தொட்டியருகே பினாயில் வாடை அடித்தது.

குழு வருகிறதென்றால் கல்லூரியையே கழுவிவிடுவது வழக்கம். துப்புரவு வேலை செய்யும் செங்கேணி துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா ஊத்துன இதுல?"

"நாத்தம் கொடலப் புடுங்குது. பெரிய ஆளுங்க வர எடம். மூணு நாளா பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டிக்கினு கீறேன்."

"உள்ள இருந்த கிருமியெல்லாம் செத்துப்போச்சுக்கா. அதுங்கதான் கேஸு உண்டாக்கும்."

"கிருமி செத்தா நல்லதுதான பாப்பா?"

தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

விஷயம் கேட்ட வெங்கடேசன் அலட்டிக்கொள்ளவில்லை. "செவுத்துக்குப் பின்னால ஒரு சிலிண்டர வெச்சு டியூப மாட்டிடலாம். நீ வாயத் தொறக்காம நில்லு. உனக்கென்ன, அது கைவந்த கலையாச்சே."

மறுநாள் அடுப்பு ஜோராக எரிந்தது. குழுவில் வந்த அம்மையார் குனிந்து பார்த்து, தேவயானியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் ஊற்றியது, வந்த வாயு, எரிந்த நிமிடங்கள்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் எரியும்மா?"

வெங்கடேசன் தொண்டையைச் செருமினார்.

"இது சிலிண்டர் மேடம்," என்றாள் தேவயானி. "தொட்டி நின்னுபோச்சு. பினாயில் விழுந்துடுச்சு."

யார் ஊற்றியது என்று அவர் கேட்டார். தெரியாது என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒட்டிய தேர்ச்சிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'அடுத்த பருவம்' என்றிருந்தது. அப்பா இருசப்பனைப் போனில் அழைத்தாள்.

"படிப்பு முடிய இன்னும் ஆறு மாசம் ஆவும் நைனா."

"ஏன், இன்னா ஆச்சு?"

"அடுப்பு எரியல."

போனை வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு தொட்டியை இறைக்கப் போனாள்.