செல்வின் வீட்டு வாசல் புல்

காலை ஆறு மணிக்குச் செல்வின் அந்தச் சிவப்புக் கல்லை ஒரு முழம் தள்ளிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரால் மண்ணைக் கீறுகிறான். கோரையின் இலையைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளே தங்கி, பத்து நாளில் நாலாகக் கிளைக்கும். அவன் கம்பியைப் பக்கவாட்டில் இறக்கி, நெம்பி, கிழங்கை முழுசாக எடுத்துப் பெயிண்ட் டப்பாவில் போடுவான். பதினைந்து கிழங்கு சேர்ந்தால்தான் காப்பி.

செல்வின் என் தம்பி. வயது நாற்பத்து நான்கு. உத்தமபாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். கம்பம் வரைக்கும் உள்ள திராட்சைத் தோட்டக்காரர்கள் புகைந்துபோன மோட்டாரை அவனிடம்தான் தூக்கி வருவார்கள். தாமிரக் கம்பி சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டான். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவான். ஒரு சுற்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டால், "மோட்டாருக்குத் தெரியும்க்கா" என்பான்.

வீட்டுக்கு முன்னால் இருபதடிக்குப் பதினைந்தடி புல்தரை. வீடு கட்டிய வருஷம் ஆசையாகப் போட்டது. மூன்றே வருஷத்தில் அங்கங்கே சொட்டை விழுந்துவிட்டது. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சேற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி ஜெனிபர் பள்ளிக்கூட ஆசிரியை. எதற்கும் கெடு வைத்துப் பழகியவள். "அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். அதுக்குள்ள மூடலைன்னா மொத்தத்துக்கும் கல்லு பதிச்சிருவேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், கல் வியாபாரி பொன்னுராஜிடம் மாதிரிக்குத் தரையில் பதிக்கும் சிவப்புப் பேவர் கல் ஒன்றும் வாங்கி வாசலில் வைத்துவிட்டாள். அந்தக் கல்தான் இவனுக்கு ஆசனம். ஒரே இடத்தில் கிடந்தால் அடியில் புல் வெளுத்துவிடும் என்று தினமும் இடம் மாற்றுவான்.

முதல் வேலையிலேயே சறுக்கினான். மாசியில், அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வயலுக்கு ஆகும் உரம் வாசலுக்கு ஆகாதா என்று நினைத்து, கிடைக்காரர் கர்ணனிடம் சொல்லி, முப்பது செம்மறிகளை இரண்டு நாள் வாசலில் அடைத்துவைத்தான். அவை இருந்த புல்லையும் வேரோடு மேய்ந்துவிட்டன. மூத்திரம் விழுந்த இடமெல்லாம் கருகிப்போனது. ஒரு மாதம் தண்ணீர் விட்ட பிறகு பச்சை தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் நெருஞ்சி. ஆட்டு மயிரிலும் குளம்பிலும் ஒட்டி வந்த விதை.

"மதினி, உங்க தம்பியக் கொஞ்சம் கவனிங்க. ஆடு முடிஞ்சிருச்சு, அடுத்து மாடு கிடைக்குமான்னு கேக்கப் போறாக" என்றாள் ஜெனிபர்.

"விசாரிச்சுட்டேன். மாடு நம்ம வாசல்ல திரும்பாதாம்" என்றான் அவன், நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டே.

சித்திரை வெயிலில் சொட்டைகளைத் தோண்டினான். ஒரு சாணுக்குக் கீழே கடப்பாரை டங்கென்றது. சிமெண்டுப் பாளம். "யக்கா, இங்கனதான் கொத்தனாருக கலவை குழைச்சாக. நான் நின்னு பாத்தவன்தான், மறந்துபோனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். கலவை குழைத்த இடம் ஒவ்வொன்றும் சொட்டையாகியிருந்தது. இருபத்தெட்டுச் சட்டி பாளம் பெயர்த்தான். சுமந்தது நான், அதனால் எண்ணிக்கை தெரியும். பள்ளங்களை வாய்க்கால் வண்டலால் நிரப்பினான்.

ஆடியில் மலைக் காற்று இறங்கிச் சாரல் விழுந்ததும் நடவு. நர்சரிக்காரர் பாய் போலச் சுருட்டி வைத்திருந்த கொரியன் புல்லைக் காட்டினார். இவன் வாங்கவில்லை. வாய்க்கால் கரையில் அருகம்புல் பறித்து வந்து, நாலு விரலுக்கு ஒரு கணு என்று வரிசை பிடித்து ஊன்றி, காற்று பிடுங்காமல் மேலே வைக்கோல் பரப்பினான். "இது நம்ம தண்ணி குடிச்சு வளந்தது. தானா ஓடிப் புடிக்கும்" என்றான். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய இடங்களைப் பழைய மோட்டார் ஷாஃப்டால் குத்திக் குத்தி வடித்தான்.

கார்த்திகை முடிவில் தரை மூடிவிட்டது. கேட்டோரம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை மிச்சம். தினமும் விரல் வைத்து அளப்பான். "நாலு விரலு இருந்துச்சு, மூணரையாயிருச்சு. இன்னும் பத்து நாளு" என்பான்.

டிசம்பர் இருபதாம் தேதி காலை, பத்து நாள் ஆகும் முன்பே, பொன்னுராஜ் டேப்போடு வந்து நின்றார். ஜெனிபர்தான் வரச் சொல்லியிருந்தாள். அவள் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். சுவரோரமாகப் போய், நடுவில் திரும்பி, கேட்டு வரைக்கும் நடந்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் இருந்தது, மண் இல்லை.

"அண்ணே, ஸ்கூட்டி நிக்கிற எடத்துக்கு மட்டும் அளந்துக்கங்க" என்றாள். "புல்லு இருக்கட்டும்."

பொன்னுராஜ் டேப்பை இழுத்தார். "செல்வினு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

செல்வின் சிரித்தான். பக்கத்தில் கிடந்த சிவப்புக் கல்லைக் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தான். அவர் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டான். கையை நீட்டி டேப்பின் நுனியைக்கூடப் பிடித்துக்கொடுத்தான். கேட்டோரச் சொட்டைமேல் ஊன்றியிருந்த வலது காலை மட்டும் எடுக்கவே இல்லை.