பத்திரமாக எடுத்து வைத்த கல்

ஆரல்வாய்மொழியில் ஒருநாள் பேருந்துக்கு நின்ற கூட்டம் முழுவதும் என் கம்மலைத் தேடியது. என் கம்மல் தொலையவே இல்லை. சாலையோரத்துக் கல் ஒன்றின் முன்னால் முழங்காலிட்டு, அதன் முகத்தில் அப்பியிருந்த மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தொலைஞ்சுது?" என்று கேட்ட பெண்ணுக்கு நான் வாய் திறப்பதற்குள் "கம்மலா?" என்று அவளே முடித்துவிட்டாள். அவ்வளவுதான். பூ விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஆட்டோக்காரர் குனிந்தார். "எக்கா, இந்தக் காத்துக்கு இங்கனயா கெடக்கும்? அந்தால பாருங்க" என்று ஒருவர் ஓடைப்பக்கம் கையைக் காட்டினார். கணவாய்க் காற்றில் எல்லோருடைய சேலையும் வேட்டியும் படபடத்தன. மேலே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அத்தனை பேர் எனக்காகப் புல்லை விலக்குவதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. காதைத் தொட்டுப் பார்த்து, "இந்தா இருக்கு, கிடைச்சிட்டு" என்றேன்.

"காதுலயே கெடந்துதா? நல்ல ஆளுதான் போங்க!"

நான் தேடியது கல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நிலத்தை அளந்துகொண்டு போனவர்கள், சாலை நெடுகக் கல்லிலும் பாறையிலும் ஒரு கிடைக்கோடு வெட்டி, பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தைச் செதுக்கினார்கள். அந்தக் கோடு கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே இருக்கிறதென்று ஒரு பட்டியலில் எழுதி வைத்தார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பழைய தாள்களைக் கழித்தபோது அந்தப் பட்டியலின் சில பக்கங்கள் என் கைக்கு வந்தன. கிணற்றிலிருந்து இருபது தப்படி, புளியமரத்துக்குத் தெற்கே, சாலையின் இடப்புறம் என்று ஒவ்வொரு கல்லுக்கும் வழி எழுதியிருந்தது. கிணறு இருக்காது, புளி இருக்காது, சாலையே நகர்ந்து போயிருக்கும். ஆனாலும் போவேன். மட்டக்கல் என்று அவற்றுக்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

எதற்கு என்று கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியபின் கவிதை வரிகள் வருவது குறைந்துபோனது. முன்பெல்லாம் பால் காய்ச்சும்போது வந்து நிற்கும்; இப்போது நாள் முழுக்கக் காத்திருந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீட்டுச் சுவர்கள் என்னைப் பார்த்து மூச்சுவிடத் தொடங்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். காற்று அசைக்கிறது, கடல் அசைக்கிறது, பிள்ளைகள் படித்து முடித்து வேறு ஊருக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கோ ஒரு கல் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது, தன் உயரம் தனக்குத் தெரிந்தபடி. அதன் கோட்டில் விரலை வைத்தால் ஒரு நிமிடம் எனக்கும் நிற்க வரும்.

பெரும்பாலும் கல் இருக்காது. நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் திரும்புவேன். அந்தக் குறிகளைப் பார்த்து மெல்லிய ஒரு சோகத்தை ருசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொலைந்த கல் எனக்கு அழகாக இருந்தது.

இருந்த சில கற்களில் ஒன்று என் தங்கச்சி வீட்டுக்கு அருகில். அஞ்சுகிராமத்துக்குப் போகும் வழியில், வயலை ஒட்டி அவள் வீடு. வளைகுடாவில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற அவள் கணவர், விடுமுறைக்கு விடுமுறை வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. வீட்டுக்குப் பின்னால் குளத்து ஓடை. மழைக்காலத்தில் நிறைந்து வந்து, சாலைக்கு அடியில் ஒரு கலுங்கு வழியாக அந்தப்பக்க வயலுக்கு இறங்கிப் போகும். கலுங்கிலிருந்து பத்துத் தப்படி தள்ளி, எருக்கஞ்செடிக்குள் என் கல்.

அதைக் கண்டுபிடித்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடினோம். வீடு கட்டும்போது கொத்தனார் விட்டுப் போன, மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் அவள் வீட்டில் கிடந்தது. ஒரு முனையைக் கல்லின் கோட்டில் நான் பிடித்தேன். மறுமுனையை அவள் கலுங்குக்குள் கொண்டுபோனாள். இரண்டு முனையிலும் தண்ணீர் சமமாக நின்றதும், அங்கிருந்து கீழே டேப்பை விட்டு அளந்தாள்.

"ஆறேகால் அடி," என்று கலுங்குக்குள்ளிருந்து அவள் குரல் எதிரொலித்தது. "எழுதிக்கிட்டியா? இனி நிம்மதியா ஒறங்குவியா? உனக்குப் பிராந்தா பிடிச்சிருக்கு அக்கா?"

"வெளிய வாட்டி, பாம்பு கெடக்கும்."

"நீ என்னை உள்ள விட்டுட்டு இப்பச் சொல்லு!"

எழுதிக்கொண்டேன். கலுங்கின் தரை, கோட்டுக்கு ஆறேகால் அடி கீழே. எதற்கும் பயன்படாத ஓர் எண். அதனாலேயே பிடித்திருந்தது.

பிறகு சாலையை அகலமாக்க வந்தார்கள். வேலை தொடங்குகிறது என்று தங்கச்சி போனில் சொன்ன அன்றே நான் போய் நின்றேன். கலுங்கை இடிக்கத்தான் போகிறார்கள்; அது தெரியும். கல்லாவது இருக்கட்டும் என்று ஜேசிபி ஓட்டுகிறவரைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். இறங்கி வந்து தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டார். எருக்கஞ்செடியை விலக்கிக் காட்டினேன்.

"இது ரொம்பப் பழைய கல்லு. ஒடைச்சிராதீங்க. பத்திரமாப் பாத்துக்கிடணும்."

"இவ்ளோதானா? எக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. இது எம்பொறுப்பு. ஒரு கீறல் விழாது, பாத்துக்கிடுங்க."

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் ஓர் உயிரைக் காப்பாற்றியவள்போல் நடந்தேன். ஒரு கவிதைகூட எழுதப் பார்த்தேன்.

ஐப்பசி மழை வந்தது. புதிய சாலை பளபளவென்று உயரத்தில் கிடந்தது. ஓடை நிறைந்து வந்து, புதிய கலுங்கின் வாயில் முட்டி நின்று, திரும்பித் தங்கச்சி வீட்டுக்குள் ஏறியது. முதல்நாள் கணுக்கால். மூன்றாம்நாள் கட்டில் சட்டம். அரிசிப் பானையைச் சமையல் மேடைமேல் தூக்கி வைத்துவிட்டு அவள் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த படத்தைக் கணவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அங்கிருந்து, "வெள்ளம் வடிஞ்சுதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மனு கொடுத்தாள். ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார், சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"பழைய கலுங்கு என்ன மட்டத்துல இருந்துதோ அதே மட்டத்துலதான் புதுசும்னு வரைபடத்துல இருக்கு மேடம். ஒங்க வீடு பள்ளத்துல கெடக்கு."

"வீடு அங்கனயேதான் இருக்கு சார். பத்து வருசமா ஒரு சொட்டு உள்ள வரல்ல. பழைய கலுங்கு இதைவிடத் தாழ்ச்சியா இருந்துது. நானே உள்ள இறங்கியிருக்கேன்லா!"

"அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா? இருந்தா, தரையைத் தாழ்த்தணும்னு நான் எழுதலாம். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கணும்."

தங்கச்சி உடனே என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

"அக்கா, உன் கல்லு! உன் நோட்டு! ஆறேகால் அடி!"

நோட்டோடு போனேன். செவ்வாய்க்கிழமை. பொறியாளர் முக்காலியில் மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தித் தயாராக இருந்தார். நான் பத்துத் தப்படி எண்ணிப் போனேன். எருக்கு இல்லை. சரளை மண் கொட்டி நிரவிய சரிவு. குச்சியால் குத்தினேன், கையால் கிளறினேன். தங்கச்சி ஜேசிபிக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"இருக்கு இருக்கு! சொன்னேம்லா, பத்திரமா இருக்கு! இப்பக் கொண்டாறேன்," என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அரைமணி நேரத்தில் ஒரு சின்ன வண்டியில் கல் வந்தது. சாக்குச் சுற்றி, கயிறு கட்டி. அவர் சாக்கை அவிழ்த்தபோது ஒரு கீறல்கூட இல்லை. கழுவித் துடைத்திருந்தார். கோடும் எழுத்தும் வெட்டிய அன்றுபோல் தெளிவாக இருந்தன.

"இடிக்கதுக்கு முந்தின நாளே தோண்டி எடுத்துட்டேங்க்கா. ரெண்டு பேரு சேந்து தூக்கினோம். எங்க வீட்டு மாட்டுக்கொட்டில்லதான் வச்சிருந்தேன். ஆரும் தொடல்ல."

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன். உடைக்காதே என்றேன், அசைக்காதே என்று சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய ஒன்றாகவே தோன்றியிருக்கவில்லை. எத்தனையோ வருடம் வார்த்தையைத் தேடியே வாழ்ந்தவள், தேவைப்பட்ட இடத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

"பழைய குழியில வச்சா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"குழி எங்க இருக்கு மேடம்?" என்றார் பொறியாளர் மெதுவாக. "ஒரு சாண் ஏறி இருக்கலாம், எறங்கி இருக்கலாம். எடுத்த கல்லுக்கு ஒயரம் இல்ல."

ஜேசிபிக்காரருக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது. "எக்கா, நான் ஏதாவது...?" என்றார். "இல்ல மக்கா, ரொம்ப உபகாரம்," என்றேன். வேறென்ன சொல்ல.

பொறியாளர் ஒரு வழி சொன்னார். என் பட்டியலில் இந்தக் கல்லின் உயரம் இருக்கிறது. அதே பட்டியலில் உள்ள இன்னொரு கல், அருகில் எங்காவது இடம் மாறாமல் இருந்தால் போதும்; அங்கிருந்து அளந்து வந்து பழைய தரையின் மட்டத்தைச் சொல்லிவிடலாம். "ஒண்ணு போதும் மேடம். ஒண்ணே ஒண்ணு."

நோட்டைத் திறந்தேன். கிடைத்த மற்ற கற்களெல்லாம் அளந்து வர எட்டாத தூரத்தில். அருகில் இருந்த மூன்றுக்கும் பெருக்கல் குறி. நான் ருசித்துப் போட்ட குறிகள்.

"சரியாத் தேடியிருக்க மாட்ட," என்றாள் தங்கச்சி. ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமை கன்னியாகுமரிப் பக்கம். பட்டியலில் வீட்டுப்படி என்று இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். படிக்கட்டு முழுவதும் பளிங்கு ஒட்டியிருந்தது. "அடியில என்ன இருக்குன்னு பாக்கப் பேர்க்கணுமா? ரூம் வேணும்னா சொல்லுங்க," என்றார் மேலாளர். வரும் வழியில் ஒரு சர்ச். பழைய மதில் போய்ப் புதிய மதில் நின்றது. மணியடிக்கிற அண்ணாச்சி எங்களை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அந்தக் கல்லையெல்லாம் ஒடைச்சு அஸ்திவாரத்துல போட்டாச்சும்மா. வீணாக்கல்ல," என்றார், எங்களைச் சமாதானப்படுத்துகிறவர்போல்.

வியாழக்கிழமை, அஞ்சுகிராமத்துக்கு அப்பால், சாலையோரப் பாறை. பாதியை உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப்பாதி வெயிலில் சூடேறிக் கிடந்தது. இரண்டு பேரும் அதன்மேல் குப்புறப் படுத்து ஆளுக்கொரு பிரஷ்ஷால் தேய்த்தோம். தங்கச்சியின் முழங்கை உரசி ரத்தம் கண்டது.

"அக்கா! கோடு!"

ஓடிப் போனேன். உடைந்த விளிம்பில் நேராக, ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமாக ஒரு கோடு. அவள் அதைவிட்டு விரலை எடுக்கவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வெடி வைக்கத் துளைத்த துளையின் பாதி என்று. ஆனாலும் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். மண்ணை ஊதினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் எவ்வளவு நேரம் தேய்க்க முடியுமோ அவ்வளவு நேரம் தேய்த்தேன்.

"இது இல்ல, என்னா?" என்றாள் அவளே.

புல்லுக்கட்டோடு மொபெட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா தொலைஞ்சுது? கம்மலா?"

"வீடு," என்றாள் தங்கச்சி.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. வீடு பள்ளத்தில் இருக்கிறது என்று.

கார்த்திகையில் மறுபடியும் மழை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போய் இருந்தேன். ஜேசிபிக்காரர் கொண்டுவந்த கல்லை அவள் பின்வாசல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். மத்தியானம் வாக்கில் ஓடை திரும்பியது. வாசற்படி முழுகிப் போனது. தண்ணீர் கல்லின் அடியைத் தொட்டு, எழுத்தைத் தொட்டு, கோட்டுக்கு வந்து, கொஞ்சம் நின்றதுபோல் இருந்தது. நிற்கவில்லை.

"பாத்தியா, இப்ப எத்தனை அடின்னு சொல்லு பாப்போம்," என்றாள் தங்கச்சி. கேலியா, கேள்வியா தெரியவில்லை. நான் தண்ணீருக்குள் கையை விட்டுக் கோட்டைத் தேடினேன்.

"சவத்த விடு. அந்தக் கட்டிலு காலப் பிடி. ரெண்டு செங்கல்லு வச்சுப் பாப்போம்."

பிடித்தேன். செங்கல் நழுவியது. மறுபடியும் வைத்தோம். அவள் போன் மேடைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது, வளைகுடாவிலிருந்து. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.