டூல் பாக்ஸில் இருந்த புடவை

ஜாக்கி, ஸ்பேனர், இழுவைக் கயிறு, கிரீஸ் டப்பா. இவற்றுக்கு நடுவே பாலிதீன் கவரில் மடித்து வைத்த ஒரு கிளிப்பச்சை நைலக்ஸ் புடவை. வேன்கார மாமாவின் டூல் பாக்ஸை முதன்முதலாகத் திறந்தபோது நான் கண்டது இதுதான். போளூர் போகிற வழியில், சேத்துப்பட்டு வருவதற்கு முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றிவிட்டு, கையெல்லாம் கரியோடு நின்றவன், துடைக்கிற பழந்துணி என்று நினைத்து அந்தக் கவரைப் பிரித்தேன். "அத்த வையி நைனா" என்று ஓர் அதட்டல் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். உடனே தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். துண்டு அழுக்கானால் பரவாயில்லை, புடவை அழுக்காகக் கூடாது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. அம்மா அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு மாமா. மானாம்பதியில் வீடு. பழைய வேன் ஒன்றை வாங்கி, கடைசி இரண்டு வரிசை சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டிருந்தார். ஓரமாக ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம். வழியில் ஆக்கிச் சாப்பிடலாம், முதுகு வலித்தால் படுக்கலாம். கேரவன் என்ற வார்த்தை உத்திரமேரூர்ப் பக்கம் வருவதற்கு முன்பே அவர் வண்டி வந்துவிட்டது.

இந்தக் கதையில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா எங்கும் வரமாட்டாள். மாடு இருக்கிறது என்பாள், வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பாள், முழங்கால் என்பாள். காஞ்சிபுரத்தில் தவிர்க்கவே முடியாத கல்யாணம் என்றால் காலையில் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் பஸ் ஏறுவாள். கேட்டால் "பஸ்ல குமட்டுது" என்பாள். நானும் நம்பினேன். ஒரகடத்தில் கம்பெனி வேலை, கையில் போன், ஊருலகமெல்லாம் தெரிந்தவன் என்று நினைப்பு. பெற்றவளைப் பற்றித் தெரியவில்லை.

என் மனைவியும் தங்கையும் பிடிவாதம் பிடித்து அம்மாவை ஜவ்வாது மலைக்குக் கிளப்பினார்கள். எங்கெங்கே நிற்பது என்று திட்டம் போட்டது நான். போனில் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பதினோரு இடம் பொறுக்கினேன். இந்த ஏரியில் இருபது நிமிஷம், அந்த வளைவில் அரை மணி என்று கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்து, பெருமையாக மாமாவிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "லேடீஸ் எத்தினி பேரு?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அம்மா பக்கம் திரும்பி, "தண்ணி குடி தங்கச்சி. நிறுத்தறது எம் பொறுப்பு" என்றார். அம்மா தலையாட்டினாள், குடிக்கவில்லை.

வந்தவாசி தாண்டி ஒரு ரைஸ் மில் வாசலில் வண்டி நின்றது. என் பட்டியலில் ரைஸ் மில் கிடையாது. வாட்ச்மேனின் மனைவி சிரித்துக்கொண்டே வந்து பெண்களை உள்ளே கூட்டிப்போனாள். போளூரில் ஆளில்லாத ஒரு கல்யாண மண்டபம். அங்கே அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார்கள். அம்மா கூட ஒரு டம்ளர் குடித்தாள். எனக்கோ நேரம் போகிறதே என்று எரிச்சல். மலையேறும்போது என் பட்டியலில் முதல் இடம் பிடித்த வளைவை அவர் நிற்காமல் தாண்டியபோது பொறுமை போய்விட்டது. "வண்டி ஓட்றது மட்டும்தான் உங்க வேல மாமா. எங்க நிக்கணும்னு நான் எழுதிக் குடுத்துகீறேன் இல்ல?" என்றேன், எல்லார் முன்னாலும். "சரி நைனா" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் பாதையின் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. முன்னால் பத்து வண்டி, பின்னால் பத்து வண்டி. ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். குமட்டுகிறதா என்று எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாமா இறங்கினார். வேனின் பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, பாறைப் பக்கமாக அந்தக் கிளிப்பச்சைப் புடவையை மறைப்பாகக் கட்டினார். டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்தார். பிறகு எங்கள் வண்டி, பின் வண்டி என்று பார்க்காமல் ஆண்களையெல்லாம் கூப்பிட்டார். "வாங்க, மரத்த ஒரு கை பாத்துட்டு வரலாம்." மரத்தை வெட்ட அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நாம் போய் என்ன செய்யப்போகிறோம் என்றேன். "நீ வா, சொல்றேன்" என்றார்.

நடந்துகொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் மனைவியைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனாராம். "வழியெல்லாம் அயுதுகினே வந்துச்சு. மாமியார் வூட்டுல எதனா சொல்லிட்டாங்களான்னு கேட்டுக்கினே வரேன். ஒதுங்க எடமில்லாத அயுவுதுன்னு எனக்குத் தோணவேயில்ல. அது எப்படி வாயத் தொறந்து சொல்லும்? அந்தப் பொடவதான் அன்னிக்குக் கட்டிக்கினு வந்தது." பிறகு, "ஒங்கம்மாவும் அதுக்குத்தான் எங்கியும் வரதில்ல நைனா" என்றார்.

மரத்தைப் பார்த்தபடி நின்றேன். இருபது வருஷத்து மாடும் முழங்காலும் குமட்டலும் ஒரே நொடியில் விளங்கின. ஒரு சின்ன விஷயத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மனுஷி உலகத்தையே வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். பிள்ளை என்று ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்?

நாங்கள் திரும்பியபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, அந்தத் தண்ணி பாட்டில எடுங்க" என்றாள். அண்ணாந்து பாதிப் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தாள். பயணத்தில் அம்மா தண்ணீர் குடித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு வாய் ஓயவில்லை. சாமை வயலைக் காட்டினாள், அருவியில் நனைந்தாள், பேத்தியோடு சண்டை போட்டு நெல்லிக்காய் தின்றாள்.

அதிலிருந்து அவர் வண்டி என்றால் அம்மா முதல் ஆளாக நிற்பாள். மாமாவிடம் பட்டியல் ஏதும் கிடையாது. எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழும், எங்கே தண்ணீர் வரும், எந்த வாட்ச்மேன் முகம் சுளிக்கமாட்டான், எல்லாம் தலைக்குள் இருந்தது. அழகான இடமாகப் பார்த்து நிறுத்தக் கூடாதா என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "பொம்பளைங்க நிம்மதியா எறங்கி ஏறினா எல்லா எடமும் அயகாத்தான் கீது" என்றார். யோசித்தால் உண்மைதான். அந்த மலைவளைவு எனக்கு நினைவில்லை. ரைஸ் மில்லின் புளியமரமும் பின்னால் தெரிந்த ஏரியும் நினைவிருக்கிறது.

போன மாதம் வால்பாறை போகக் கேரவன் ஒன்றை வாடகைக்குப் பேசினோம். ஏசி, சோபா, உள்ளேயே பாத்ரூம். நடுவில் ஒரு மெல்லிய தடுப்புதான். அந்தப் பாத்ரூமுக்குப் போகவே மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே நிற்கிற இடங்களைக் கேட்க அம்மாவோடு மானாம்பதிக்குப் போனேன். மாமா வேனை விற்றுவிட்டார். டூல் பாக்ஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

"மாடு கீது நைனா. வூட்ட யாரு பாத்துப்பாங்க?" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார். "சக்கர வியாதி வந்ததுலேந்து அர மணிக்கு ஒருக்கா எய்ந்து போறாரு. அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்குக் கூட வரமாட்டேன்றாரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஊரையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போன மனிதர், ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு வீட்டோடு அடைந்து கிடந்தார். அம்மா எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. நிறுத்தறது எங்க பொறுப்பு."

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். சொம்பை வாங்கி, நிதானமாக, அடிவரை குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டூல் பாக்ஸை இழுத்தார். கிளிப்பச்சை வெளுத்து ஓரங்களில் மஞ்சளாகியிருந்தது. மடிப்பு மட்டும் கலையவில்லை.

"பாத்ரூம் கீற வண்டிதான். இருந்தாலும் வெச்சிக்க" என்று புடவையை என்னிடம் கொடுத்தார். பிறகு கேட்டார்: "என்னிக்குக் கெளம்பறோம்?"